மூன்றாவது ஆட்டக்காரருக்கு ஒரு துளை

வீட்டிலேயே ஆர்கேட் கேபினெட் செய்கிறவர்கள் ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே மாதிரி பேசுவார்கள். முன்பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும். ஒயர் தெரியக் கூடாது, யூஎஸ்பி துளை தெரியக் கூடாது, பார்த்தால் அந்தக் காலத்து வீடியோ கேம் கடையில் நின்ற பெட்டி மாதிரியே இருக்க வேண்டும். போட்டோவில் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கருத்து எனக்கு இப்போது செரிக்கவே மாட்டேன் என்கிறது. வீட்டுக் கேபினெட்டில் யூஎஸ்பி போர்ட் முன்பக்கம்தான் இருக்க வேண்டும், அதுவும் உட்கார்ந்தபடி கை நீட்டினால் எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அழகு கெடுகிறது என்று நண்பர்கள் பதில் சொல்கிறார்கள். அந்த அழகு யாருக்காக என்பதை அவர்களிடம் பேசிப் பேசி முடியாமல்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு மதுரை திருநகரில். கேபினெட்டை நான் வரைந்து கொடுத்த படத்தை வைத்துப் பக்கத்துத் தெரு ஆசாரி செய்து கொடுத்தார். 18 மி.மீ. பிளைவுட், மேலே கறுப்பு மைக்கா. உள்ளே ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் (இனி 'பை'), பழைய மானிட்டர், ஸ்டிக்கும் பட்டனும் அசைவதை யூஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற என்கோடர் போர்டு ஆளுக்கு ஒன்று என்று இரண்டு ஆட்டக்காரர்களுக்கான ஸ்டிக்கும் பட்டன்களும். எல்லோரும் செய்கிற மாதிரி பின்பக்கம் ஒரு கதவு. பை அதற்குள் இருக்கிறது, அதன் நான்கு யூஎஸ்பி துளைகளும் அதற்குள்தான். கேபினெட் ஹாலில் சுவரோடு ஒட்டி நிற்கிறது. ஏதாவது செருக வேண்டுமென்றால் இரண்டு பேர் சேர்ந்து முன்னால் இழுக்க வேண்டும். அதை யாரும் குறையாக நினைக்கவில்லை. தினமும் செருகுகிற சாமான் இல்லையே.

ஆட்டக்காரர் நிற்கிற இடம், ஸ்டிக் இருக்கிற உயரம் எல்லாம் அந்தக் காலத்துக் கடைகளிலேயே முடிவாகிவிட்ட விஷயம். தரையிலிருந்து ஏறக்குறைய 95 செ.மீ. உயரத்தில் பலகை, இடது கைக்கு ஸ்டிக், வலது கைக்குப் பட்டன். கடைக்காரருக்கு இடம் மிச்சம், ஆள் நின்றுகொண்டே ஆடிவிட்டுக் காசு தீர்ந்ததும் நகர்ந்துவிடுவான். கடைக்குச் சரி. வீட்டுக்குள் அதை அப்படியே கொண்டுவரும்போது இரண்டு காலில் நிற்கிற, இரண்டு கையும் வேலை செய்கிற ஆள்தான் வருவான் என்ற எண்ணத்தையும் சேர்த்தே தூக்கி வந்துவிடுகிறோம்.

என் பெரியப்பா மகன் புது மண்டபத்தில் டெய்லராக இருந்தவர். மீனாட்சியம்மன் கோவிலுக்கு எதிரே தூண்களுக்கு நடுவில் வரிசையாக மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பார்களே, அந்த வரிசையில் ஒருவர். எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயதில் சிம்மக்கல் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்த வீடியோ கேம் கடைக்கு என்னை முதன்முதலில் கூட்டிப் போனவர் அவர்தான். நாங்கள் எல்லோரும் 'முஸ்தபா' என்று சொன்ன ஆட்டத்தில் அண்ணனை அடிக்க அந்தத் தெருவில் ஆள் கிடையாது. அது கேப்காம் 1993இல் வெளியிட்ட 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்' என்பதெல்லாம் எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். முஸ்தபா கெய்ரோ என்பது நான்கு பாத்திரங்களில் ஒருவன் பெயர், மஞ்சள் தொப்பிக்காரன். ஒரு ஸ்டிக், அடிக்க ஒரு பட்டன், குதிக்க ஒரு பட்டன். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் சுற்றி நிற்கிற எல்லோரையும் தள்ளிவிடுகிற பெரிய அடி. மூன்று பேர் ஒரே நேரத்தில் ஆடலாம். எங்கள் கடைப் பெட்டியில் இரண்டு ஸ்டிக்தான் இருந்தது, அதனால் மூன்றாவது ஆளைப் பற்றி நாங்கள் யோசித்ததே இல்லை.

புது மண்டபத்துக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகு அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால். கால் ஓரளவு திரும்பிவிட்டது, ஊன்றுகோலுடன் நடக்கிறார். கையில் தோள்பட்டையும் முழங்கையும் அசைகின்றன, விரல்கள் இன்னும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. ஒரு டெய்லருக்கு அது என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை.

'இழுக்காதடா'

கேபினெட் தயாரானதும் முதலில் அண்ணனுக்குத்தான் போன் செய்தேன். மதினியும் மகளும் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார், பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தால் ஸ்டிக் அவர் மோவாய் உயரத்துக்குப் போய்விடுகிறது. அவர் மகளும் என் மகனும் முஸ்தபா ஆடினார்கள், அவர் பின்னால் இருந்து "இங்கிட்டு வா, பெட்டியை உடை, சாப்பாடு இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கும் என்பது ஒன்றுகூட மறக்கவில்லை.

அடுத்த முறை அவர் வருவதற்குள் நான் ஒரு சின்னப் பலகையில் ஸ்டிக் ஒன்றும் பட்டன்களும் பொருத்தி, மடியில் வைத்துக்கொள்கிற மாதிரி செய்து வைத்திருந்தேன். அவர் உட்கார்ந்ததும் மகனைக் கூப்பிட்டு, இரண்டு பேரும் கேபினெட்டை முன்னால் இழுத்து, கதவைத் திறந்து, கேபிளைச் செருகி, திரும்பத் தள்ளினோம். டைல்ஸில் கிரீச்சென்று சத்தம். மதினி எழுந்து நின்றுவிட்டார். அண்ணன் ஆடினார், சிரித்தார், நன்றாகத்தான் இருந்தது. கிளம்பும்போது மறுபடி இழுத்துக் கேபிளை எடுக்கப் போனேன். அப்போது அவர் சொன்னார்: "எனக்காக இழுக்காதடா. வர்றப்பல்லாம் ரெண்டு பேர் சேர்ந்து இதை அங்கிட்டும் இங்கிட்டும் தள்ளணும்னா நான் பாத்துக்கிட்டே இருக்கேன். பாக்குறதும் நல்லாத்தான் இருக்கு."

கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. ஒருவர் தன் தேவையை எடை போட்டு, அது மற்றவர்களுக்குக் கொடுக்கிற சிரமத்தைவிடச் சின்னது என்று முடிவு செய்து ஒதுக்கி வைக்கிற குரல் அது. நோய் வந்த பிறகு அவர் ஒரு நாளைக்கு எத்தனை விஷயங்களை இப்படி ஒதுக்கி வைக்கிறாரோ என்று அன்று இரவெல்லாம் யோசித்தேன். தண்ணீர் எடுக்க ஆள், சட்டை பட்டன் போட ஆள், பஸ்ஸில் ஏற ஆள். விளையாட்டு என்பது யாரையும் கேட்காமல் போய் ஆடுகிற விஷயம். சின்ன வயதில் கடைக்குப் போக நாங்கள் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. ஆட்டத்துக்கும் ஆள் வேண்டுமென்றால் அவர் கேட்காமல் விட்டுவிடுவார். நாமும் அவருக்குப் பார்க்கத்தான் பிடிக்கும் என்று நினைத்துக்கொள்வோம்.

அவர் கைக்கு ஏற்ற பலகையைச் செய்து தந்தால் வேலை முடிந்தது என்றுதான் இந்த விஷயத்தில் எல்லோரும் எண்ணுவார்கள். பலகை பாதி வேலைதான். அதை அவரே கொண்டு வந்து, அவரே ஒரு கையால் செருகி, முடிந்ததும் அவரே கழற்ற முடிய வேண்டும். அப்படிப் பார்த்தால் போர்ட் இருக்கிற இடம்தான் முக்கியமான கேள்வி.

எந்த இடத்தில் துளை போடுவது

இடம் பார்க்க அண்ணனையே நாற்காலியில் உட்கார வைத்து, சாக்பீஸ் கொடுத்து, கை எட்டுகிற இடத்தில் கோடு போடச் சொன்னேன். தரையிலிருந்து சுமார் 60 செ.மீ. வந்தது. ஸ்டிக் பலகை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதற்குக் கீழே, பழைய பெட்டிகளில் காசு போடுகிற கதவு இருக்கும் பகுதி. மேலே பலகை மறைப்பதால் தூசி நேராக விழாது. நடுவில் வைத்தால் நின்று ஆடுகிறவர்களின் முழங்கால் கேபிளில் இடிக்கும், அதனால் ஓரம்தான் சரி. அண்ணனுக்கு இடது ஓரம். ஆனால் நாளைக்கு இடது கை வராத ஒருவர் வந்தால்? அதனால் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று. பையில் இரண்டு துளைகளை என்கோடர்கள் எடுத்துக்கொண்டது போக மிச்சம் இருந்ததும் சரியாக இரண்டுதான்.

டி வடிவ முகப்பு வைத்த யூஎஸ்பி சாக்கெட் என்று கேட்டால் சவுண்ட் சர்வீஸ்காரர்களுக்குத் தெரியும், மேடை மைக் போர்டில் இருக்கிற அதே அளவு. 24 மி.மீ. துளை, இரண்டு ஸ்க்ரூ. ஆனால் அது மெல்லிய தகட்டுக்காகச் செய்தது. 18 மி.மீ. பிளைவுட்டில் நேராகப் பொருத்தினால் பின்னால் கேபிள் செருக இடம் இருக்காது. ஆசாரிதான் வழி சொன்னார். பிளைவுட்டில் சதுரமாக ஒரு ஜன்னல் வெட்டி, அதன் மேல் பெயர்ப்பலகைக் கடையில் வாங்கிய 3 மி.மீ. அக்ரிலிக் துண்டை வைத்து, அதில் வட்டத் துளை வெட்டுகிற ஹோல்சா போட்டுச் சாக்கெட்டை மாட்டினோம். இதில் வேறொரு நன்மையும் இருக்கிறது. பிள்ளைகள் முரட்டுத்தனமாகச் செருகினாலும் இழுத்தாலும் அந்தப் பலம் அக்ரிலிக்கோடு நின்றுவிடும், உள்ளே பையின் துளைக்குப் போகாது. சாக்கெட்டிலிருந்து பை வரை ஒரு மீட்டருக்குள் கேபிள். யூஎஸ்பி 2.0க்கு 5 மீட்டர் வரை போகலாம் என்று கணக்கு இருந்தாலும், நம் ஊரில் கிடைக்கிற மெல்லிய எக்ஸ்டென்ஷன் கேபிள்களில் தூரம் கூடினால் வோல்டேஜ் இறங்கிவிடும். நீளம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

கரண்ட் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பை 4இன் நான்கு துளைகளும் சேர்ந்தே 1.2 ஆம்பியர்தான் கொடுக்கும். ஜாய்ஸ்டிக் பலகைகளுக்கு அது தாராளம். ஆனால் முன்பக்கம் ஒரு யூஎஸ்பி துளை தெரிந்தால் வருகிற விருந்தாளி முதலில் செருகுவது தன் போனைத்தான். ஆட்டத்தின் நடுவில் திரையில் மின்னல் குறி வரும், சில நேரம் மொத்தமும் அணைந்து எழும். அதனால் பக்கவாட்டில் தனி அடாப்டரில் ஓடுகிற சார்ஜ் துளை ஒன்றைக் கொடுத்துவிட்டேன், அதில் டேட்டா ஒயரே கிடையாது. வேறு நிறம், பெரிய எழுத்தில் 'சார்ஜ்'. தனி அடாப்டரோடு வருகிற யூஎஸ்பி பவர் ஹப் வாங்கிப் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். வாங்கினால் நல்லதாக வாங்குங்கள். மலிவான ஹப்கள் சில, கேபிள் வழியாகவே பைக்குத் திரும்பக் கரண்ட் அனுப்பும்.

மடிப் பலகையில் மூன்றாவது என்கோடர். இடது கைக்கு ஸ்டிக். பட்டன்களை எங்கே வைப்பது என்பதற்கு இந்தத் துறையில் ஏற்கெனவே நல்ல வழி இருக்கிறது. உடல் ஊனமுற்றவர்களுக்கான ஸ்விட்ச்கள் பல ஆண்டுகளாகவே 3.5 மி.மீ. மோனோ பின்னோடுதான் வருகின்றன. மைக்ரோசாஃப்ட் 2018இல் கொண்டுவந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரின் பின்புறம் வரிசையாக 19 துளைகள் இருப்பதும் அதற்காகத்தான். சோனியும் 2023இல் இதே வழிக்கு வந்தது. இதற்காக விலை உயர்ந்த கன்ட்ரோலர் வாங்க வேண்டிய அவசியமில்லை. ஆர்கேட் பட்டனுக்கு இரண்டு ஒயர்தான், அழுத்தினால் இரண்டும் சேரும். அந்த இரண்டு ஒயரையும் அப்படியே ஒரு 3.5 மி.மீ. மோனோ சாக்கெட்டுக்கும் இணையாகச் சால்டர் செய்து ஸ்லீவ் போட்டுவிட்டால், பட்டனை அழுத்தினாலும் வேலை செய்யும், அதில் செருகிய எந்த ஸ்விட்ச்சை அழுத்தினாலும் வேலை செய்யும். கால், முழங்கை, தோள், தலை, எது அசைகிறதோ அதற்கு ஒரு ஸ்விட்ச். ஹெட்போன் சாக்கெட் மாதிரியே இருப்பதால் யாராவது ஹெட்போனைச் செருகிவிடுவார்கள், செருகினால் பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பதாக அது எடுத்துக்கொள்ளும். அதனால் இதற்கும் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

அண்ணனுக்கு அடிக்கிற பட்டன் இடது காலில். தையல் மோட்டார் பெடலைத்தான் அவர் முதலில் கேட்டார், அவரிடமே ஒன்று இருந்தது. ஆனால் அது மிதிக்க மிதிக்க வேகம் கூட்டுவதற்காகச் செய்தது, சட்டென்று சேர்ந்து சட்டென்று பிரிவது அதில் வராது. வீட்டுக் கரண்டில் ஓடுகிற சாமான் வேறு. டவுன் ஹால் ரோட்டில் மெஷின்களுக்கான ஃபுட் ஸ்விட்ச் கிடைத்தது, உள்ளே மைக்ரோஸ்விட்ச் வைத்தது. குதிப்பதற்கு உள்ளங்கை அகலப் பெரிய பட்டன் ஒன்று, பலகையின் வலது பக்கம், முழங்கையை வைத்தாலே அழுந்துகிற மாதிரி. இரண்டையும் சேர்த்து அழுத்துகிற பெரிய அடிக்குத் தனியாக ஒரு பட்டன், ஸ்டிக் பக்கத்தில் கட்டைவிரலுக்கு. பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டுகிற மேம் (MAME) மென்பொருளில் அடிப்பது, குதிப்பது இரண்டுக்குமே அந்த ஒரே பட்டனையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் போதும். பட்டனை அழுத்திப் பிடித்தால் தானாகத் திரும்பத் திரும்ப அடிக்கிற டர்போ வசதி போர்டிலேயே இருக்கிறது, போட்டுத் தரவா என்று கேட்டேன். "காலு இருக்கப்ப அது எதுக்கு?" என்றார். முப்பது வருடம் மெஷின் மிதித்த கால், அதற்கு ஒரு தாளம் இருக்கிறது.

செருகுவதுதான் கடைசியில் பெரிய வேலையாக இருந்தது. யூஎஸ்பி பின்னுக்கு மேல் கீழ் உண்டு, இரண்டு கை இருக்கிறவர்களே திருப்பித் திருப்பிப் பார்த்துச் செருகுவோம். ஒரு கையால் குனியாமல் செய்ய வேண்டும். இரண்டு சாக்கெட்டையும் ஒரே திசையில் திருப்பி வைத்து, மேல் பக்கம் விரலில் தட்டுப்படுகிற மாதிரி ஒரு சின்னப் புடைப்பு ஒட்டினேன். பின்னில் அடையாளம் போடுவதை அண்ணனே எடுத்துக்கொண்டார். சிவப்பு நூலைப் பல்லில் பிடித்துக்கொண்டு இடது கையால் பின்னின் மேல்புறத்தில் இறுக்கிச் சுற்றினார், கண்ணால் பார்க்காமல் தடவியே தெரிந்துகொள்ளலாம். அப்படிச் சுற்ற எனக்கு இரண்டு கையாலும் வராது.

வெங்கடசாமி டாக்டரின் விரல்கள்

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் அரவிந்த் கண் மருத்துவமனை வெங்கடசாமி டாக்டர் நினைவுக்கு வருகிறார். மதுரைக்காரர்களுக்கு அவரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ராணுவத்தில் டாக்டராக இருந்தபோது முடக்குவாதம் வந்து அவர் விரல்கள் கோணிப்போயின. பிரசவ மருத்துவராக வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டுக் கண் மருத்துவம் படித்தார், அந்த விரல்களுக்கு ஏற்ற கருவிகளை அமைத்துக்கொண்டு அறுவை செய்யப் பழகினார். லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளை அந்தக் கைகள் செய்திருக்கின்றன. 1976இல் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதுதான் இன்றைய அரவிந்த். அந்தக் கதையை அவருடைய மன உறுதிக்கு உதாரணமாகவே எப்போதும் சொல்கிறார்கள், அது உண்மைதான். ஆனால் கருவி மாறியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கருவி மாறாமல் உறுதி மட்டும் இருந்திருந்தால் அந்த விரல்களால் கத்தியைப் பிடித்திருக்க முடியாது. நம் ஊரில் இதைப் பார்த்து வளர்ந்தும், ஊனம் என்று வந்தால் இன்னும் மன உறுதியைப் பற்றித்தான் நிறையப் பேசுகிறோம். வாசலில் ஒரு சாய்தளம் போடுவதைப் பற்றி, ஒரு ஸ்விட்ச்சை இரண்டடி கீழே இறக்குவதைப் பற்றிக் குறைவாகத்தான் பேசுகிறோம்.

முன்பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும் என்கிற நண்பர்கள் இதற்கு என்னிடம் சொல்கிற பதில், "உன் வீட்டில் அண்ணன் இருக்கிறார், எங்கள் வீட்டில் யாருக்கும் தேவை இல்லை" என்பது. நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கேபினெட் பத்துப் பதினைந்து வருடம் நிற்கப் போகிற சாமான். அந்த வீட்டில் அம்மா இருப்பார், முழங்கால் வலிக்கு உட்கார வேண்டியிருக்கும். கை உடைந்து கட்டுப் போட்ட பிள்ளை இருக்கும். பக்கத்து வீட்டில் சக்கர நாற்காலியில் ஒரு பெண் இருப்பாள், அவள் இதுவரை உங்கள் வீட்டுக்கு வராததற்குக் காரணம் கேட்டிருக்க மாட்டீர்கள். துளை இருந்தால் தேவை தானாக வந்து சேரும். ஆசாரி வேலை செய்துகொண்டிருக்கும்போதே போட்டால் அரை நாள் வேலை. மைக்கா ஒட்டி முடித்த பிறகு வெட்டினால் ஓரம் பெயரும், அதையும் தாங்கிக்கொள்ளலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தன் பலகையை ஒரு துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் ஏற்கெனவே முஸ்தபா ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர் நாற்காலியை இடது பக்கம் இழுத்துப் போட்டு, பின்னைத் தடவிச் செருகினார். எங்கள் கேபினெட்டில், ஓடிக்கொண்டிருக்கும்போது செருகினால் புதுப் பலகை தானாக மூன்றாவது ஆட்டக்காரராகச் சேர்ந்துகொள்ளும். செருகிவிட்டு ஆன் செய்தால்தான் சில நேரம் யார் முதல், யார் இரண்டாவது என்பது மாறிப்போகும். யாரும் யாருக்கும் இடம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் நின்றார்கள், அவர் உட்கார்ந்திருந்தார், மூன்று பேரும் ஒரே திரையில் இருந்தார்கள். "பெரியப்பா, மேல நிக்கிறவன நீங்க பாருங்க" என்று என் மகன் கத்த, அவர் கால் ஓடிக்கொண்டே இருந்தது.

இன்னும் ஒரு குறை இருக்கிறது. காசு போடுகிற பட்டனும் ஸ்டார்ட் பட்டனும் மேல் பலகையில்தான் இருக்கின்றன. உயிர் தீர்ந்ததும் அவர் மகளிடம் "ஒரு காசு போடும்மா" என்று கேட்க வேண்டியிருந்தது, பத்து எண்ணுவதற்குள் அவள் தன் ஆட்டத்தை விட்டுவிட்டுப் போட வேண்டியிருந்தது. கிளம்பும்போது அண்ணனே அதைச் சொன்னார்: "காச நான்தான்டா போடணும்." மடிப் பலகையில் ஸ்டிக்குக்கு மேலே இன்னும் இரண்டு 24 மி.மீ. பட்டனுக்கு இடம் இருக்கிறது. என்கோடரிலும் துளைகள் மிச்சம் இருக்கின்றன. ஒயரும் பட்டனும் வாங்கி வைத்துவிட்டேன், ஹோல்சா மட்டும் ஆசாரியிடம் இருக்கிறது, புதன்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.